நோயாளி உள்ள வீட்டில் கழிப்பறை ஃபிளஷ் ஆகவில்லையா? செய்ய வேண்டியவையும் தவிர்க்க வேண்டியவையும்

கழிப்பறையில் தண்ணீர் சரியாக இறங்கவில்லை என்பது பெரும்பாலான வீடுகளில் ஓரிரு நாள் தொல்லை மட்டுமே. ஆனால், எழுந்து நடக்கப் பிறர் துணை தேவைப்படும் முதியவரோ, வயிற்றுப்போக்கால் அடிக்கடி கழிப்பறை செல்லும் குழந்தையோ, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரோ இருக்கும் வீட்டில் அது உடனே உடல்நலப் பிரச்சினையாக மாறிவிடுகிறது. நோயாளி மலத்தை அடக்குகிறார். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார். இரவில் ஈரத் தரையில் நடக்கிறார். பராமரிப்பவர் அவசரத்தில் வெறுங்கையால் அடைப்பை எடுக்கிறார் அல்லது ஆசிட்டை ஊற்றுகிறார். இவற்றால் ஏற்படும் தீங்கு, பழுதான கழிப்பறையால் ஏற்படும் தீங்கைவிடப் பெரியது.

நோயாளிக்கு உடனடியாகச் செய்ய வேண்டியது என்ன, பழுதின் காரணத்தை எவ்வாறு கண்டறிவது, எதை நீங்களே சரிசெய்யலாம், எதை ஒருபோதும் செய்யக் கூடாது என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முதலில் நோயாளி, பிறகு கழிப்பறை

பழுதைப் பார்க்கத் தொடங்கும் முன், நோயாளி அடுத்த சில மணி நேரத்திற்கு எங்கே மலம், சிறுநீர் கழிப்பார் என்பதை முடிவு செய்யுங்கள். வீட்டில் வேறொரு கழிப்பறை இருந்தால் அங்கே அழைத்துச் செல்லலாம். இல்லையெனில் பெட்பான், சிறுநீர்க் குடுவை, கீழே வாளி பொருத்திய கமோடு நாற்காலி ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்தலாம். இவ்வாறு சேரும் கழிவை மூடியுள்ள வாளியில் வைத்திருந்து, செயல்படும் கழிப்பறையில் மட்டுமே ஊற்ற வேண்டும். திறந்தவெளியிலோ, தெருச் சாக்கடையிலோ, கிணறு அல்லது ஆழ்துளைக் குழாய்க்கு அருகிலோ ஊற்றக் கூடாது.

இந்த ஏற்பாட்டை நோயாளியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பிறருக்குத் தொல்லை தரக் கூடாது என்று எண்ணி, கேட்கத் தயங்கி அடக்கிக்கொள்ளும் முதியவர்கள் பலர். மலத்தை அடக்கினால் மலம் இறுகி மலச்சிக்கல் கூடும். மூலநோய் உள்ளவர்களுக்கும், இதய நோயாளிகளுக்கும், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் முக்கி மலம் கழிப்பது நல்லதன்று. சிறுநீரை நெடுநேரம் அடக்குவதும், தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு வழிவகுக்கும். கழிப்பறை பழுது என்பதற்காகச் சிறுநீர் பெருக்கி மாத்திரையையோ மலமிளக்கியையோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

வயிற்றுப்போக்கு உள்ளவர் தண்ணீரைக் குறைப்பது ஆபத்தானது. ஒரு பொட்டலம் உப்பு சர்க்கரைக் கரைசல் தூளை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துத் தொடர்ந்து கொடுத்து வர வேண்டும்.

ஃபிளஷ் எவ்வாறு செயல்படுகிறது?

கழிப்பறைப் பீங்கானுக்கு அடியில் ஒரு வளைந்த குழாய் இருக்கிறது. அதில் எப்போதும் சிறிது தண்ணீர் தேங்கி நின்று, கழிவுக் குழாயிலிருந்து வரும் வாயுவையும் பூச்சிகளையும் தடுக்கிறது. மேலிருந்து போதுமான தண்ணீர் வேகமாக விழும்போது வளைவு முழுவதும் நிரம்பி, கழிவை இழுத்துக்கொண்டு வெளிக் குழாய்க்குச் செல்கிறது. தண்ணீரின் அளவைப் போலவே அதன் வேகமும் முக்கியம். மெல்லிய தாரையாக எவ்வளவு நேரம் ஊற்றினாலும் கழிவு நகராது.

ஃபிளஷ் தொட்டியின் பணி, குறிப்பிட்ட அளவு தண்ணீரைச் சேமித்து ஒரே வீச்சில் விடுவது மட்டுமே. அதே பணியை ஒரு வாளியும் செய்யும். ஆகவே ஃபிளஷ் தொட்டி பழுதாகிவிட்டால் கழிப்பறையே பழுதாகிவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. பிளம்பர் வரும் வரை வாளித் தண்ணீரைக் கொண்டே கழிப்பறையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம்.

ஒரு வாளித் தண்ணீரில் காரணத்தைக் கண்டறியுங்கள்

முதலில் பீங்கானைப் பாருங்கள். தண்ணீர் விளிம்பு வரை நிறைந்திருந்தால் மேலும் ஊற்றாதீர்கள். ஃபிளஷ் பொத்தானையும் மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள். மட்டம் இயல்பாகவோ குறைவாகவோ இருந்தால், சுமார் 6 முதல் 8 லிட்டர் தண்ணீரை ஒரே வீச்சில் பீங்கானின் நடுவே ஊற்றிக் கவனியுங்கள்.

1. தண்ணீரும் கழிவும் உடனே இறங்கிவிட்டால், கழிவுக் குழாய் நன்றாக உள்ளது. கோளாறு ஃபிளஷ் தொட்டியில் இருக்கிறது.

2. தண்ணீர் மேலேறி, பிறகு மெதுவாக இறங்கினாலோ, இறங்காமலே நின்றாலோ, பீங்கான் வளைவில் அல்லது அதை அடுத்துள்ள குழாயில் அடைப்பு இருக்கிறது.

3. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றும்போது குளியலறைத் தரையின் வடிகால் வழியே கழிவுநீர் மேலே வந்தாலோ, வீட்டின் பல வடிகால்களும் ஒரே நேரத்தில் தேங்கினாலோ, வெளிக் குழாயில் அடைப்பு இருக்கலாம் அல்லது செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கலாம்.

முதல் வகையைப் பெரும்பாலும் நீங்களே சரிசெய்யலாம். இரண்டாம் வகையைப் பாதுகாப்புடன் முயன்று பார்க்கலாம். மூன்றாம் வகைக்குப் பயிற்சி பெற்றவர்களின் உதவி கட்டாயம் தேவை.

தொட்டியில் கோளாறு இருந்தால்

தொட்டியின் மூடியைக் கவனமாகக் கழற்றித் தரையில் வையுங்கள். தொட்டியில் இருப்பது குழாய்த் தண்ணீரே; கழிவுநீர் அன்று. கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

தொட்டி காலியாக இருந்தால்: மாடித் தொட்டியில் தண்ணீர் உள்ளதா, சுவரிலிருந்து வரும் இணைப்பில் உள்ள ஆங்கிள் வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், மிதவை மேலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். கையால் மெல்ல அசைத்துவிட்டால் தண்ணீர் வரத் தொடங்கும். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர் பயன்படுத்தும் வீடுகளில், நீர் உள்ளே வரும் சிறு துளையிலும் வடிகட்டியிலும் வெள்ளை உப்புப் படிவு சேர்ந்து அடைத்துக்கொள்வது வழக்கம். ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, அப்பகுதியைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் படிவு நீங்கும்.

தொட்டி நிறைந்திருந்தும் பொத்தான் வேலை செய்யாவிட்டால்: பொத்தானையோ கைப்பிடியையோ அடைப்பானுடன் இணைக்கும் கம்பி அல்லது சங்கிலி கழன்றிருக்கலாம். அதை மீண்டும் மாட்டினால் போதும். உடைந்திருந்தால் அதே வகை உதிரிப் பாகத்தைக் கடையில் வாங்கிப் பொருத்தலாம்.

தொட்டி பாதியளவே நிறைந்தால்: மிதவை தாழ்வாக அமைந்திருக்கலாம். பொங்குகுழாயின் மேல்விளிம்புக்குச் சுமார் 2.5 செ.மீ. கீழே நீர்மட்டம் நிற்கும்படி மிதவையின் திருகைச் சரிசெய்யுங்கள். மட்டம் சரியாக அமைந்தும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், அடியிலுள்ள ரப்பர் வாஷர் தேய்ந்து கசிகிறது. தொட்டி நீரில் சிறிது உணவு நிறமியைக் கலந்து, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். பீங்கானில் நிறம் தெரிந்தால் கசிவு உறுதியாகிறது. வாஷரை மாற்ற வேண்டும்.

3 லிட்டர், 6 லிட்டர் என இரண்டு பொத்தான்கள் உள்ள தொட்டிகளில், மலம் கழித்த பின் பெரிய பொத்தானையே அழுத்த வேண்டும் என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லுங்கள். சிறிய பொத்தானை மட்டும் அழுத்தி வருவதும் நாளடைவில் அடைப்பை உண்டாக்கும்.

அடைப்பு இருந்தால்

நோயாளியையும் குழந்தைகளையும் கழிப்பறையிலிருந்து விலக்கி வையுங்கள். ரப்பர் கையுறை, முகக் கவசம், கண் கண்ணாடி, வழுக்காத செருப்பு ஆகியவற்றை அணியுங்கள். கையில் வெட்டுக்காயம் உள்ளவரும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரும் இப்பணியைச் செய்ய வேண்டாம். சன்னலைத் திறந்து வையுங்கள்.

தண்ணீர் விளிம்பு வரை இருந்தால், பழைய குவளையால் சிறிதளவு எடுத்து மூடியுள்ள வாளியில் சேருங்கள். அந்தக் குவளையை மீண்டும் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

அடுத்து, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பைச் சிறிது ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் அரை வாளி வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் காத்திருங்கள். கொதிநீர் ஊற்றக் கூடாது. பீங்கான் விரிசல் விடலாம், தெறித்தால் உடல் வெந்துபோகும். இறுகிய மலத்தாலும் கழிப்பறைக் காகிதத்தாலும் ஏற்பட்ட அடைப்பு இதிலேயே இளகிவிடக்கூடும்.

இளகாவிட்டால், மரப்பிடியின் முனையில் ரப்பர் கிண்ணம் பொருத்திய அழுத்தியைப் பயன்படுத்துங்கள். கடைகளில் பிளஞ்சர் என்று கேட்டால் தருவார்கள். ரப்பர் கிண்ணம் முழுவதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். துளையைச் சுற்றிலும் இடைவெளியின்றிப் பொருத்தி, முதலில் மெதுவாக ஒரு முறை அழுத்துங்கள். பின்னர் கிண்ணத்தை எடுக்காமல் 15 முதல் 20 முறை அழுத்தி இழுத்து, கடைசியில் வேகமாக மேலே எடுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்யலாம். அமரும் வகை, குந்தும் வகை இரண்டிற்கும் இம்முறை பொருந்தும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால், அல்லது டயப்பர், துணி போன்ற பொருள் உள்ளே போனது தெரிந்தால், மேலும் அழுத்தாதீர்கள். பொருள் இன்னும் ஆழத்திற்குச் சென்றுவிடும். சுருள் கம்பி வைத்திருக்கும் பிளம்பரை அழையுங்கள். வீட்டில் யாருக்கேனும் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை இருந்தால் அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவரும் கையுறை அணிந்து பணியாற்ற அது உதவும்.

ரசாயனங்களைக் கலக்காதீர்கள்

அடைப்பை நீக்க ஆசிட் ஊற்றுவது பல வீடுகளில் வழக்கமாக உள்ளது. டயப்பர், பஞ்சு, பிளாஸ்டிக் போன்றவற்றால் ஏற்பட்ட அடைப்பு ஆசிட்டால் நீங்குவதில்லை. தேங்கிய நீரில் ஆசிட் கலந்த பின் யாரேனும் ரப்பர் அழுத்தியைப் பயன்படுத்தினால் அது முகத்திலும் கண்ணிலும் தெறிக்கும்.

பிளீச்சிங் பவுடருடன் ஆசிட்டோ, ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவமோ சேர்ந்தால் குளோரின் வாயு உண்டாகும். பிளீச்சிங் பவுடருடன் அம்மோனியா உள்ள திரவம் சேர்ந்தாலும் நச்சு வாயு வெளிப்படும். மூடிய சிறு கழிப்பறையில் இது மூச்சுத்திணறலை உண்டாக்கும்; ஆஸ்துமாவும் நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்கு உயிராபத்தாகலாம். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே பயன்படுத்துங்கள். முன்பு என்ன ஊற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் எதையும் ஊற்றாதீர்கள்.

காரமான நெடி எழுந்தால் உடனே வெளியேறித் தூய காற்றுள்ள இடத்திற்குச் செல்லுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தூய நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால்

பல வடிகால்களும் ஒன்றாகத் தேங்குவது, குழாயில் குமிழிச் சத்தம் கேட்பது, தொட்டியைச் சுற்றியுள்ள மண் ஈரமாகித் துர்நாற்றம் வீசுவது ஆகியவை செப்டிக் டேங்க் நிரம்பியதற்கான அறிகுறிகள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயர்வதால், உறிஞ்சுகுழி நீரை ஏற்காமல் கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பி வரவும் கூடும். அக்காலத்தில் கிணற்று நீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள்; அருகில் தீக்குச்சி கொளுத்தாதீர்கள். உள்ளே தேங்கியுள்ள மீத்தேன் தீப்பற்றக்கூடியது. ஹைட்ரஜன் சல்பைடு, சில மூச்சுகளிலேயே ஒருவரை நினைவிழக்கச் செய்யவல்லது. செறிவு மிகும்போது அது முகரும் திறனையே மழுங்கடித்துவிடும். ஆகவே நாற்றம் இல்லை என்பதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் உயிரிழந்த துயரங்கள் பல நிகழ்ந்துள்ளன. யாரேனும் விழுந்துவிட்டால், நீங்கள் இறங்காமல் உடனே 108-ஐயும் தீயணைப்புத் துறையையும் அழையுங்கள்.

எவரையும் செப்டிக் டேங்க்கிலோ சாக்கடையிலோ இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய வைப்பது, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். கூலி கொடுத்தாலும், அவரே சம்மதித்து முன்வந்தாலும் அது குற்றமே. வீட்டில் நோயாளி இருக்கிறார் என்ற அவசரம், மற்றொருவரின் உயிரைப் பணயம் வைக்கக் காரணமாகிவிடக் கூடாது. உங்கள் உள்ளாட்சி அமைப்பையோ 14420 என்ற உதவி எண்ணையோ தொடர்புகொண்டு, உரிமம் பெற்ற கழிவுநீர் உறிஞ்சும் ஊர்தியை வரவழையுங்கள். வீட்டில் நோயாளி இருப்பதைப் பதிவு செய்யும்போதே தெரிவியுங்கள். செப்டிக் டேங்க்கை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை காலி செய்து வந்தால் இத்தகைய நெருக்கடி பெரும்பாலும் நேராது.

கிராமப்புற வீடுகளில் இரட்டைக் குழிக் கழிப்பறை இருந்தால், ஒரு குழி நிரம்பியதும் இணைப்புத் தொட்டியில் வழியை மாற்றி இரண்டாவது குழிக்குத் திருப்ப வேண்டும். நிரம்பிய குழியைக் குறைந்தது ஓராண்டுக்கு மூடி வைக்க வேண்டும். ஈரம் மிகுந்த இடங்களில் இன்னும் கூடுதல் காலம் தேவை.

கழிவுநீர் தரையில் வழிந்தால்

நோயாளியை வேறு அறைக்கு மாற்றுங்கள். தண்ணீர் மின்சுவிட்சு அல்லது பிளக் அருகே சென்றிருந்தால், உலர்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணையுங்கள்.

1. திடக் கழிவைப் பழைய செய்தித்தாளால் எடுத்து உறையிலிட்டுக் கட்டுங்கள்.

2. தரையைச் சோப்பு நீரால் கழுவுங்கள். அழுக்கு நீங்கிய பிறகே கிருமிநாசினி நன்கு செயல்படும்.

3. ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமான ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 16 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்த கரைசலை ஊற்றி, 10 நிமிடங்கள் விட்டுக் கழுவுங்கள்.

4. தரையை முழுவதும் உலர்த்திய பிறகே நோயாளியை அனுமதியுங்கள். ஈரத் தரையில் வழுக்கி விழுவது முதியவர்களுக்கு இடுப்பெலும்பு முறிய முக்கியக் காரணங்களுள் ஒன்று.

5. கையுறையைக் கழற்றியதும் கைகளைச் சோப்பிட்டுக் குறைந்தது 20 விநாடிகள் கழுவுங்கள். அதன் பிறகே உணவையும் மருந்தையும் நோயாளியையும் தொடுங்கள்.

புற்றுநோய் மருந்து பெறுபவர் வீட்டில் இருந்தால்

கீமோதெரபி மருந்துகளின் எச்சம் சிறுநீரிலும் மலத்திலும் சில நாட்கள் வெளியேறும். எனவே மருந்து பெற்ற பின் பொதுவாக 48 மணி நேரம் வரை, மூடியை மூடி இரு முறை ஃபிளஷ் செய்யுமாறு அறிவுறுத்தப்படுகிறது. உங்கள் மருத்துவமனை வேறு கால அளவைக் கூறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஃபிளஷ் தொட்டி பழுதாக இருந்தால், கையுறை அணிந்து, தெறிக்காதவாறு வாளியைத் தாழ்வாகப் பிடித்து இரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். கர்ப்பிணிகள் இப்பணியைச் செய்யக் கூடாது. சிகிச்சைக்குச் செல்லும் நாளுக்கு முன்பே கழிப்பறையைச் சரிபார்த்து வைப்பது நல்லது.

மீண்டும் அடைக்காமல் இருக்க

நோயாளி உள்ள வீடுகளில் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் பராமரிப்புப் பொருட்களே. பெரியோர் டயப்பரில் உள்ள துகள்கள் நீரை உறிஞ்சிப் பல மடங்கு பெருத்துக் குழாயை அடைத்துவிடும். ஈரத் துடைப்புத் தாள், பஞ்சு, கட்டுத் துணி, மாதவிடாய் நாப்கின், கையுறை, சிறுநீர்ப் பை, மலப் பை ஆகிய எதையும் கழிப்பறையில் போடக் கூடாது. பையில் உள்ளதைக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு, பையை மட்டும் காகிதத்தில் சுற்றித் தனியே தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். ஊசிகளைத் துளைபடாத, மூடியுள்ள கெட்டியான பெட்டியில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படையுங்கள். காலாவதியான மருந்துகளையும் கழிப்பறையில் கொட்டாதீர்கள்.

மூடியுள்ள குப்பைக் கூடை ஒன்றைக் கழிப்பறையில் நோயாளியின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். எட்டாத இடத்தில் வைத்தால், பயன்படுத்திய பொருள் கழிப்பறைக்குள்தான் போகும். தண்ணீர் நிறைந்த வாளி ஒன்றும் எப்போதும் அங்கே இருக்கட்டும். தளர்ந்த கையால் அதைத் தூக்கி ஊற்ற இயலாது என்பதால், ஊற்றும் பொறுப்பைப் பராமரிப்பவர் ஏற்க வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வாளியை மூடி வைக்க வேண்டும்.

உடனே மருத்துவ உதவி நாட வேண்டிய நிலைகள்

• 6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீர் கழியாமல் இருத்தல், அல்லது அடிவயிறு வீங்கி வலித்தல்
• வயிற்றுப்போக்குடன் கடும் சோர்வு, கண் குழிவிழுதல், நாவறட்சி, மயக்கம்
• மலத்தில் இரத்தம், அல்லது மலம் கருப்பாகப் போதல்
• மலமும் வாயுவும் வெளியேறாமல் வயிறு உப்பி வாந்தி எடுத்தல்
• கழிப்பறையில் விழுந்த பின் எழ முடியாமை, இடுப்பு வலி, தலையில் அடி
• ரசாயன நெடியை முகர்ந்த பின் இருமல், மூச்சுத்திணறல்

இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசர ஊர்திக்கு 108-ஐ அழையுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.